வாய்க்கருவி போட்டால் மறதி போகுமோ? குறட்டை, மூச்சுத்தடை, மூளை

உரும்பிராய்க் கிணறு | 04.02.2024, இரவு 9.12

ஸ்லீப் அப்னியா, அதுதான் நித்திரையிலை மூச்சு நிண்டு நிண்டு வாற வருத்தம், அதுக்கு வாய்க்குள்ளை போடுற கருவி ஒண்டு விக்கினம். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடிச்சு வைச்சிருக்குமாம். குறட்டை நிக்கும், மறதி போகும், புத்தி தெளியும் எண்டு விளம்பரம். குறட்டைக் கதையை நம்பலாம். புத்திக் கதை உண்மையோ? காத்து அடிக்கிற மெஷினோடை ஒப்பிட்டால் எப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ. "டொக்டரிட்டைப் போங்கோ" எண்டு மட்டும் எழுத வேண்டாம், அது ஆருக்கும் தெரியும்.

கொடுப்புப்பல் | 04.02.2024, இரவு 10.31

"மறதி" எண்ட சொல்லிலைதான் குழப்பம் தொடங்குது. திறப்பை எங்கை வைச்சனான் எண்டு தேடுறவருக்கு ஞாபகத்திலை கோளாறு இருக்கவேணுமெண்டு இல்லை. வைக்கேக்கை மனம் அதிலை இல்லை, ஆனபடியால் பதியவே இல்லை. பதியாததை எப்பிடி மறக்கிறது? அப்னியாவிலை முதல் அடி விழுறது கவனத்துக்கும் கை சுறுசுறுப்புக்கும். அதுக்கு அடுத்தது திட்டமிடுறது, ஒரு வேலையிலை இருந்து இன்னொண்டுக்கு மாறுறது. ஞாபகம் எண்டு வெளியிலை தெரியிறதிலை பெரும்பங்கு இந்த முதல் இரண்டின்ரை நிழல்தான்.

அடி வாற வழி இரண்டு. தொண்டை அடைபடேக்கை இரத்தத்திலை ஒட்சிசன் இறங்கி ஏறும், இரவு முழுக்க. மற்றது, ஒவ்வொரு அடைப்பும் முடியிறது ஒரு குட்டி விழிப்போடை. ஆளுக்கு அது தெரியாது, காலமை கேட்டால் "நல்ல நித்திரை" எண்டுதான் சொல்லும். மூளைக்குத் தெரியும்.

வாய்க்கருவியாலை எது திரும்பும்? சிட்னியிலை 73 பேருக்கு, தாடையை முன்தள்ளுற கருவியையும் தள்ளாத வெறும் தட்டையும் மாறி மாறிக் கொடுத்துப் பாத்து 2005இலை எழுதியிருக்கினம். பகல் நித்திரை குறைஞ்சுது, களைப்புக் குறைஞ்சுது, கவனத்தோடை கெதியா அழுத்தவேண்டிய சோதனையிலை வேகம் கூடினது. ஞாபகச் சோதனைகளிலை சொல்லக்கூடிய மாற்றம் இல்லை. விளம்பரத்துக்கும் உண்மைக்கும் இடையிலை உள்ள தூரம் இவ்வளவுதான்: முழிப்பு வரும், கை வேகம் வரும், "புத்தி தெளியும்" எண்டது கூட்டிச் சொன்னது.

நித்திரை மணி | 05.02.2024, காலை 6.05

இதிலை மெஷினைத் தூக்கிப் பிடிக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லவேணும். சீபாப் எண்டுற இந்தக் காத்து அடிக்கிற மெஷினை 1981இலை கொலின் சலிவன் சிட்னியிலைதான் முதல் காட்டினவர். அதுக்குப் பிறகு அமெரிக்காவிலை ஆயிரம் பேருக்கு மேலை சேத்து, உண்மை மெஷினும் போலி மெஷினும் கொடுத்து ஆறு மாசம் பாத்த ஆய்வு 2012இலை வந்தது. அதிலையும் பகல் நித்திரைதான் தெளிவாக் குறைஞ்சுது. புத்திச் சோதனைகளிலை, கடுமையான வருத்தம் உள்ளவைக்குக் கொஞ்சம் முன்னேற்றம் இரண்டாம் மாசத்திலை தெரிஞ்சு, ஆறாம் மாசத்திலை கரைஞ்சு போச்சு. ஆக, ஞாபகம் திரும்பேல்லை எண்டு வாய்க்கருவியை மட்டும் பிடிச்சு அடிக்கிறது நியாயமில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் வைச்ச ஆய்வு 2013இலை வந்தது, 126 பேர், ஒவ்வொண்டும் ஒரு மாசம். ஒரு மணித்தியாலத்துக்கு எத்தினை தரம் மூச்சு நிக்குது அல்லது குறையுது எண்ட கணக்கை ஏ.எச்.ஐ. எண்டுறது. மெஷினோடை அது 4.5க்கு இறங்கினது, வாய்க்கருவியோடை 11.1க்கு. மெஷின் வெண்டிட்டுது எண்டு நினைப்பியள். ஆனால் மெஷினை ஒரு இரவுக்கு 5.2 மணித்தியாலம் போட்டினம், வாய்க்கருவியை 6.5. பகல் நித்திரை, வாகனம் ஓட்டுற மாதிரிச் செய்து பாக்கிற சோதனை எல்லாத்திலையும் இரண்டும் கிட்டத்தட்ட ஒண்டு.

கணக்கைக் கையாலை போட்டுப் பாருங்கோ. ஒருத்தருக்குக் கருவி இல்லாமல் ஏ.எச்.ஐ. 30, நித்திரை 8 மணித்தியாலம். மெஷினை 4 மணித்தியாலம் போடுறார், அப்ப 3. மிச்சம் 4 மணித்தியாலம் 30. சராசரி 16.5. வாய்க்கருவியை 7 மணித்தியாலம் போடுறார், அப்ப 12. மிச்சம் ஒரு மணித்தியாலம் 30. சராசரி 14.25. திறமான மருந்தை அரைவாசி குடிக்கிறதும் சுமாரான மருந்தை முழுக்கக் குடிக்கிறதும் மாதிரி.

கொடுப்புப்பல் | 05.02.2024, மதியம் 1.20

மணி அண்ணைன்ரை கணக்கு சரி, ஆனால் ஒரு மணித்தியாலம் இன்னொரு மணித்தியாலத்துக்குச் சமன் எண்டு எடுத்திருக்கிறார். கனவு நித்திரை விடியப்புறத்திலைதான் கூட. அப்பதான் தொண்டைத் தசை நல்லா இளகி, அடைப்பு நீண்டு, ஒட்சிசனும் ஆழமா இறங்கும். மூண்டு மணிக்கு மாஸ்க்கைக் கழட்டி எறியிற ஆள் ஆக மோசமான பகுதியை வைத்தியம் இல்லாமல் விட்டுப்போட்டுப் படுக்கிறார். வாய்க்கருவியை அரை நித்திரையிலை கழட்டுறது குறைவு. அதுக்காக அது உசத்தி எண்டு ஆகாது. ஏ.எச்.ஐ. 60 இருக்கிற ஆளுக்கு, அல்லது இரவு முழுக்க ஒட்சிசன் 80 சதவீதத்துக்குக் கீழை கிடக்கிற ஆளுக்கு, முதல் தெரிவு மெஷின்தான். ஏ.எச்.ஐ. 5 தொடக்கம் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதுக்கு மேலை கடுமை. வாய்க்கருவியின்ரை வயல் முதல் இரண்டும், பிறகு மெஷினை ஏலாதெண்டு விட்ட ஆக்களும்.

உரும்பிராய்க் கிணறு | 05.02.2024, இரவு 8.48

சரி. லேசான, நடுத்தர வருத்தம் எண்டு வைப்பம். எல்லாருக்கும் வேலை செய்யுமோ? செய்யிறதெண்டால் எப்பிடிச் செய்யிறது? கடையிலை வாங்கி வெந்நீரிலை போட்டுக் கடிக்கிறது ஒண்டும் இருக்காம்.

கொடுப்புப்பல் | 06.02.2024, இரவு 10.02

எல்லாருக்கும் இல்லை. மூண்டிலை ஒரு பங்குக்கு ஏ.எச்.ஐ. 5க்குக் கீழை வரும், ஒரு பங்குக்குப் பாதியாகும், ஒரு பங்குக்குப் பிரயோசனமில்லை. மெல்லிய உடம்பு, சின்னக் கழுத்து, பின்னுக்குப் போன நாடி, மல்லாந்து படுத்தால் மட்டும் கூடுற வருத்தம், இந்த ஆக்களுக்கு நல்லாப் பிடிக்கும். மூளையே மூச்சுக்கு உத்தரவு கொடுக்க மறக்கிற வகை ஒண்டு இருக்கு, அதுக்குத் தாடையை எவ்வளவு இழுத்தும் ஒண்டும் நடக்காது. ஆனபடியால் இரவு முழுக்க மூச்சைப் பதிஞ்சு பாக்கிற நித்திரைச் சோதனை இல்லாமல் கருவி செய்யக்கூடாது. குறட்டைக்கு எண்டு கேட்டு வந்தாலும்தான்.

வாய் பாக்கேக்கை பாக்கவேண்டியது: ஒவ்வொரு தாடையிலும் எட்டுப் பத்துப் பல்லாவது உறுதியா இருக்கவேணும். முரசு கரைஞ்சு பல்லு ஆடுற வாயிலை போட்டால் கருவி பல்லைப் பிடுங்கிற குறடாகும். முழுக் கட்டுப்பல் ஆக்களுக்குப் பிடி இல்லை, அவைக்கு நாக்கை உறிஞ்சிப் பிடிக்கிற வேறை வகை இருக்கு, பழகிறது கஷ்டம். தாடை மூட்டு பூட்டுப்படுகிற ஆக்கள் வேண்டாம்.

இஞ்சத்தை விசேசம் வெத்திலை. வருசக்கணக்காப் பாக்கோடை போட்ட வாயிலை கன்னத் தோல் நாராகி இறுகி, வாய் திறபடாது. பல்லு அச்செடுக்கிற தட்டே உள்ளை போகாது. இறுகின கன்னத்தைக் கண்டால் கருவியை ஒருபக்கம் வைச்சுப்போட்டு அதை முதல் காட்டவேணும், அது புற்றுக்கு முன்படி.

வெந்நீர்க் கருவி தற்காலிகம். பிடி குறைவு, பருமன், முன்னுக்குத் தள்ளுற அளவைச் சரிசெய்ய வழியில்லை. அதோடை ஒருத்தருக்குச் சரிவரேல்லை எண்டால், தாடை தள்ளுறதே சரிவராத ஆளோ, கருவிதான் சரியில்லையோ எண்டு பிரிச்சறிய ஏலாது.

இனி, தாடையை எவ்வளவு முன்னுக்கு இழுக்கிறது எண்ட அளவு. முன்பல்லுக்கு இடையிலை 5 மி.மீ. இடைவெளி விடுற கடிமுள் ஒண்டு, அளவுகோல் பூட்டினது. அதைக் கடிக்கக் கொடுத்து, தாடையை முடிஞ்ச மட்டும் முன்னுக்குக் கொண்டுபோகச் சொல்லவேணும். சாதாரணக் கடியிலை இருந்து 9 மி.மீ. போகுதெண்டு வைப்பம். அதின்ரை 70 சதவீதம் 6.3. அதிலை தொடங்கலாம்.

அச்சுவேலை | 07.02.2024, காலை 7.40

கொடுப்புப்பல் அக்கா, அளவு பிழை. வீச்சு எண்டது சாதாரணக் கடியிலை இருந்து எண்ணுறதில்லை, பின்னுக்குப் போகக்கூடிய எல்லையிலை இருந்து எண்ணுறது. உங்கடை ஆள் பின்னுக்கு 3 போவார் எண்டால் முழு வீச்சு 12. அதின்ரை 70 சதவீதம் 8.4, அதிலை பின்பக்க 3ஐக் கழிச்சால் சாதாரணக் கடிக்கு முன்னாலை 5.4. உங்கடை கணக்கு 6.3. முக்கால்வாசி மி.மீ.க்கும் கூடின வித்தியாசம். முதல் இரவே தாடை நொந்து, மூண்டாம் நாள் கருவி லாச்சிக்குள்ளை போறது இதாலைதான். அதோடை 70இலை தொடங்கிறதே அதிகம். 50இலை தொடங்குங்கோ: 12இலை பாதி 6, கழிக்க 3. சாதாரணக் கடிக்கு முன்னாலை வெறும் 3 மி.மீ.தான்.

அச்செடுக்கிறது பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டால் இந்த ஊர் வெக்கையிலை பாதிப் பிழை அங்கைதான். அல்ஜினேற் மாவைக் குழைக்கிற தண்ணி சூடெண்டால், தட்டு வாய்க்குள்ளை போகமுன்னமே இறுகத் தொடங்கும். பங்குனி சித்திரையிலை மேல்தாங்கித் தண்ணி மத்தியானம் தேத்தண்ணி போடுற பதத்துக்கு வரும், குளிரூட்டிப் போத்தல் தண்ணி எடுங்கோ. எடுத்த அச்சை ஈரக் கடதாசியிலை சுத்தி, பத்து பதினைஞ்சு நிமிசத்துக்குள்ளை கல்மா, அதுதான் இறுகிக் கல்லாகிற மா, ஊத்தவேணும். காய்ஞ்சால் சுருங்கும். அல்ஜினேற் அச்சை இரவு பஸ்ஸிலை கொழும்புக்குப் பார்சல் போட்டால் அங்கை போய்ச் சேருறது வேறை ஒரு ஆளின்ரை பல்லு. அனுப்புறதெண்டால் கல்மா அச்சை அனுப்புங்கோ, இல்லாட்டி நாள்க்கணக்கா அளவு மாறாத சிலிக்கோன் அச்சு எடுங்கோ. மேல் கீழ்ப் பல்லு எப்பிடிச் சேருதெண்டு காட்டுற கடிப்பதிவும் கூடப் போகவேணும். அது இல்லாமல் "5 மி.மீ. முன்னுக்கு" எண்டு துண்டிலை எழுதி அனுப்புறதாலை ஒரு பயனும் இல்லை.

கொடுப்புப்பல் | 07.02.2024, இரவு 9.15

ஒப்புக்கொள்ளுறன். மேலை எழுதின 6.3ஐ ஒருத்தரும் பாவிக்க வேண்டாம், அழிக்காமல் விடுறன், பிழை எங்கை வருகுதெண்டு தெரியட்டும். அச்சுவேலை எண்டு பேர் வைச்ச ஆளோடை அச்சுக் கதை கதைக்கப் போனது என்ரை பிழை.

கொடுப்புப்பல் | 18.02.2024, மாலை 4.50

சீராக்கம், அதுதான் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமா முன்னுக்குத் திருகிறது, அதைப் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனியா எழுதியிருக்கினம், இஞ்சையே சொல்லுறன்.

முதல் ஒண்டு இரண்டு கிழமை 50 சதவீதத்திலையே விடுங்கோ, ஒண்டும் திருகக்கூடாது. வாய்நீர் ஊறும், தலைகாணி நனையும், அது தானா அடங்கும். பிறகு கிழமைக்கு 0.25 தொடக்கம் 0.5 மி.மீ. சாதாரணத் திருகாணியிலை சாவியைக் கால்வட்டம் சுத்தினால் 0.2, 0.25 அளவு நகரும். ஆனால் வகைக்கு வகை வேறை. ஒரு முழுச் சுத்துக்கே 0.1தான் நகருகிற கருவியும் இருக்கு. பெட்டியிலை உள்ள தாளைப் பாத்து, எண்ணிக் குறிச்சு வையுங்கோ. இரண்டு பக்கத்திலும் திருகாணி இருந்தால் இரண்டையும் ஒரே அளவு. ஒரு பக்கம் மறந்தால் நாடி கோணி, அந்தப் பக்க மூட்டுத்தான் காலமை அழும்.

நோ வந்தால் ஒரு படி பின்னுக்கு எடுத்து மூண்டு நாலு நாள் விட்டுப் பேந்து தொடங்கலாம். எல்லாப் பல்லும் சேர்ந்து அரை மணித்தியாலம் இறுக்கமா இருக்கிறது வழமை. ஒரே ஒரு முன்பல்லு மட்டும் நொந்தால் அது திருகாணிப் பிரச்சினை இல்லை, அந்த இடத்திலை அக்ரிலிக், கருவியின்ரை பிளாஸ்ரிக், தள்ளுது. உள்பக்கத்திலை அழுத்தம் காட்டுற பசை பூசிப் பாத்து, பட்ட இடத்தைச் சுரண்டவேணும். விட்டால் பல்லு நகர்ந்திடும்.

"இன்னும் முன்னுக்கு விட்டால் இன்னும் நல்லது" எண்டு நினைக்கிறது பிழை. 75 சதவீதத்துக்கு மேலை லாபம் சின்னன், நோவு பெரிசு. இன்னொண்டு: வாய் பிளந்தால் கீழ்த்தாடை கதவு மாதிரிச் சுழண்டு பின்னுக்குப் போகும், முன்னுக்குத் தள்ளினது வீணாகும். வாய் திறந்து படுக்கிற ஆளுக்கு மேல் கீழ்த் தட்டைச் சேத்துப் பிடிக்கிற சின்ன றப்பர் வளையம் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

நித்திரை மணி | 19.02.2024, காலை 5.55

எங்கை நிப்பாட்டுறது எண்டதை அக்கா விட்டிட்டா. வீட்டுக்காரி "இப்ப சத்தம் இல்லை" எண்டதும் நிப்பாட்டுறது வழக்கம். குறட்டை நிண்டால் அப்னியா நிண்டிட்டுது எண்டு ஆகாது. குறட்டை தொண்டை அதிருற சத்தம். கருவி போட்டதும் சத்தம் முதல் குறையும், அடைப்பு மிச்சம் இருக்கும். சத்தமில்லாமல் மணித்தியாலத்துக்கு 20 தரம் மூச்சு நிக்கிற ஆள் நிறைய நாள் ஒருத்தருக்கும் தெரியாமல் போகும், பக்கத்திலை படுக்கிறவ இப்ப நிம்மதியா நித்திரை கொள்ளுறபடியால். கருவி வாய்க்குள்ளை இருக்க, திரும்ப ஒரு நித்திரைச் சோதனை. அதைச் செய்யாமல் புத்தி திரும்பேல்லை எண்டு முறைப்பாடு வைக்க ஏலாது.

முழுச் சோதனைக்கு முதல் படியா, இரவு முழுக்கப் பதியிற விரல் ஒக்சிமீற்றர் உதவும். விரலைக் கொடுத்து ஒரு நொடி பாக்கிறது காணாது, பதியிற வகை வேணும். நகப்பூச்சு அழிச்சிருக்கவேணும், மின்விசிறி நேரா அடிச்சு விரல் விறைச்சால் அளவு குழம்பும். ஆனால் அது ஒட்சிசனை மட்டும்தான் காணும். மெல்லிய உடம்புக்காரருக்கு ஒட்சிசன் இறங்காமலே அடைப்பு குட்டி விழிப்பிலை முடியும். ஒக்சிமீற்றர் "எல்லாம் சரி" எண்டும், ஆள் மத்தியானம் மேசையிலை தலையைப் போடும். அந்த ஆளுக்குக் கேபிள் எல்லாம் பூட்டின முழுச் சோதனைதான்.

புத்தியை அளக்கிறதுக்கும் ஒரு வழி. 30 புள்ளி மொக்கா சோதனைக்குத் தமிழ்ப் பதிப்பு இருக்கு. 26க்குக் கீழை போனால் யோசிக்கவேணும், படிப்பு 12 வருசம் அல்லது குறைவெண்டால் ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிறது. ஆனால் அது மறதி நோயைப் பிடிக்கச் செய்தது. அப்னியாக்காரர் அந்தப் பத்து நிமிசம் முழுப் பலத்தையும் கூட்டி 28 எடுத்துப்போட்டுப் போவார். அவரைப் பிடிக்கிறது சலிப்புச் சோதனை: கைபேசித் திரையிலை எப்ப எண்டு தெரியாமல் ஒரு எண் ஓடத் தொடங்கும், கண்டதும் அழுத்தவேணும், பத்து நிமிசம் இதேதான். அரைச் செக்கனுக்கு மேலை பிந்தினால் ஒரு தவறல். மூண்டு நிமிசக் குறுக்கப் பதிப்பிலை எல்லை 355 மில்லிசெக்கன். சராசரியைப் பாக்க வேண்டாம், தவறலை எண்ணுங்கோ. அப்னியாக்காரரின்ரை வேகம் சராசரியிலை நல்லாத்தான் இருக்கும், நடுவிலை நடுவிலை ஆள் காணாமல் போயிடுவார்.

செய்யிற முறை: கருவி போடமுன்னம் மூண்டு நாள், ஒரே நேரத்திலை, பின்னேரம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையிலை. தேத்தண்ணி குடிச்சு இரண்டு மணித்தியாலத்துக்குள்ளை வேண்டாம். முதல் நாள்க் கணக்கை எறியுங்கோ, அது பழக்கம். பிறகு சீராக்கம் முடிஞ்சு ஒரு மாசத்திலை திரும்ப மூண்டு நாள்.

உரும்பிராய்க் கிணறு | 14.04.2024, இரவு 7.30

புதுவருச வாழ்த்து எல்லாருக்கும். கரண்ட் போய் வந்த இரவுகளிலை மெஷின்காரர் என்ன செய்யிறவை எண்டு யோசிச்சன்.

நித்திரை மணி | 14.04.2024, இரவு 9.05

மெஷின் நிண்டால் மாஸ்க் போட்டபடி படுக்கக்கூடாது, கழட்டிப்போட்டுச் சரிஞ்சு படுக்கவேணும். பற்றரியிலை ஓட்டுறதெண்டால் ஈரப்பதச் சூடாக்கியை நிப்பாட்டுங்கோ, மின்சாரத்தை ஆகக்கூடக் குடிக்கிறது அதுதான். வாய்க்கருவிக்கு இந்தக் கரைச்சல் இல்லை, பயணத்துக்கும் சட்டைப்பைக்குள்ளை போகும். இரண்டையும் வைச்சிருக்கிற ஆக்களும் இருக்கினம், கெட்டித்தனம்தான்.

கொடுப்புப்பல் | 02.06.2024, மதியம் 12.10

காலமை கடி மாறுது எண்டு கேள்வி வந்திருக்கு. கருவியைக் கழட்டினதும் கொடுப்புப்பல் சந்திக்காது, முன்பல்லு முதல் முட்டும். தாடை இரவு முழுக்க முன்னுக்கு நிண்டது, தசை இழுபட்டுக் கிடக்கு. பத்துப் பதினைஞ்சு நிமிசம் இரண்டு பக்கக் கொடுப்பாலையும் மெல்லக் கடிச்சுப் பிடிச்சு விடுறது, சீனி இல்லாத சூயிங்கம், அல்லது பழைய கடியிலை செய்த சின்னக் காலைத் தகடு. பாண், இடியப்பம் சாப்பிட முன்னம் இதைச் செய்யுங்கோ. மத்தியானம் ஆகியும் சந்திக்கேல்லை எண்டால் காட்டவேணும்.

இதைத் தவறாமல் செய்தாலும் வருசக்கணக்கிலை கடி மாறத்தான் செய்யும். மேல் முன்பல்லு பின்னுக்கும் கீழ் முன்பல்லு முன்னுக்கும் சாயும், ஒரு மி.மீ. கணக்கிலை. மாறுறவை பலருக்குத் தெரியவே தெரியாது. தொடங்கேக்கை எடுத்த கல்மா அச்சையும் படத்தையும் எறியாமல் வைச்சிருந்தால்தான் எவ்வளவு எண்டு சொல்லலாம். அச்சுவேலை, பழைய அச்சுகளை எவ்வளவு காலம் வைச்சிருக்கிறியள்?

அச்சுவேலை | 02.06.2024, இரவு 8.22

இடம் இருக்கிற வரைக்கும். ஆள் தானே பெட்டியிலை போட்டு வீட்டை கொண்டுபோறது நல்லம், அலுமாரிக்கு மேலை வையுங்கோ, பிள்ளையளின்ரை கைக்கு எட்டாமல்.

நித்திரை மணி | 21.08.2024, இரவு 11.40

நல்லூர்த் திருவிழா நடக்குது, இதையும் சொல்லிவிடுறன். 25 நாளும் விடியப்புறம் எழும்பி இரவு பிந்திப் படுக்கிற ஆள், "கருவி போட்டும் தலை மந்தம்" எண்டு சொன்னால் கருவியிலை கை வைக்க வேண்டாம். நாலரை மணித்தியால நித்திரையை எந்தக் கருவியும் ஏழாக்காது. சலிப்புச் சோதனையை அந்த மாசத்திலை செய்யாதேங்கோ.

கருவி சரி, திரும்பச் செய்த நித்திரைச் சோதனையும் சரி, மந்தம் போகேல்லை எண்டால் வேறை இடத்திலை தேடவேணும். தைரொயிட். சைவச் சாப்பாட்டுக்காரருக்கு பி12, அதோடை சீனி வருத்தத்துக்கு மெற்போமின் கனகாலம் எடுத்தவை எண்டால் இன்னும் கவனம், அந்தக் குளிசையும் பி12ஐ இறக்கும். தும்மலுக்கு வாங்கிற குளோர்பெனிரமீன் குளிசை, அடுத்த நாள் மத்தியானம் வரை கவனத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். நித்திரைக் குளிசை, பின்னேரக் கள்ளு, இரண்டும் தொண்டைத் தசையை இளக்கி, சீராக்கி வைச்ச மி.மீ. கணக்கையே குழப்பும். கள்ளுக் குடிச்ச இரவிலை செய்த சோதனை அந்த இரவுக்கு மட்டும் சரி.

கொடுப்புப்பல் | 22.08.2024, காலை 6.30

இன்னொண்டு சேக்கிறன், இந்த மண்ணிலை சொல்லாமல் விட ஏலாது. இரவு கெட்ட கனவிலை திடுக்கிட்டு எழும்புறது, படுத்தும் நித்திரை வராமல் கிடக்கிறது, இதெல்லாம் அப்னியாவோடை சேர்ந்தும் வரும், தனியவும் வரும். யுத்தம் பாத்த தலைமுறைக்கு இரண்டும் ஒரே படுக்கையிலைதான் கிடக்கு. கருவி மூச்சைத் திறக்கும், பயத்தைத் திறக்காது. நித்திரை வராமல் கிடக்கிறவருக்கு வாய்க்குள்ளை புதுசா ஒண்டைத் திணிச்சால் முதல் கிழமை நித்திரை இன்னும் கெடும். அதை முதலே சொல்லி, தேவையெண்டால் மனநல வைத்தியத்தையும் கூடவே தொடங்கினால்தான் கருவி வாயிலை நிலைக்கும்.

உரும்பிராய்க் கிணறு | 03.09.2024, இரவு 9.50

இரவு பஸ், வான் ஓடுற ஆக்களுக்கு என்ன சொல்லுறியள்? ஏ9இலை முறிகண்டி தாண்டினால் நேர் ரோட்டு, எல்லாரும் நித்திரை, சாரதி மட்டும் முழிப்பு.

நித்திரை மணி | 03.09.2024, இரவு 10.58

எப்வேத் அளவுகோல் எண்டு எட்டுக் கேள்வி இருக்கு, 0 தொடக்கம் 24. 10க்கு மேலை போனால் பகல் நித்திரை அதிகம். மெல்பேணிலை 1991இலை வந்தது. வேலை போகுமெண்ட பயத்திலை சாரதி எல்லாத்துக்கும் பூச்சியம் போடுவார். ஒரு கேள்வி, வாகனத்திலை போகேக்கை தெருவிலை சில நிமிசம் மறிபட்டு நிண்டால் கண் அயருமோ எண்டது. ரயில் கடவையிலை நிக்கேக்கை எண்டு விளக்கினால்தான் இஞ்சை ஆக்களுக்குப் பிடிபடும். சாரதியிட்டைக் கேக்கிறதோடை, பக்கத்திலை இருந்து போற உதவியாளரிட்டையும் கேளுங்கோ.

சாரதிக்கு வாய்க்கருவி கொடுத்தால், திரும்பச் சோதனை செய்து ஏ.எச்.ஐ. இறங்கினதைக் காணமுன்னம் இரவு ஓட்டம் வேண்டாம். பகலிலை ஓட்டம் முடிஞ்சு பஸ்ஸுக்குள்ளை படுக்கேக்கையும் கருவி போடவேணும், அதுதான் அவருக்கு இரவு. போட்டதோ எண்டு தெரியவேணுமெண்டால், அக்ரிலிக்குக்குள்ளை புதைக்கிற வெப்பச் சில்லு இருக்கு, வாயின்ரை சூட்டை வைச்சு எத்தினை மணித்தியாலம் எண்டு எழுதும்.

கொடுப்புப்பல் | 04.09.2024, காலை 7.02

சில்லு நல்ல விசயம், ஆனால் சாரதி அதைத் தெரிஞ்சுதான் போடவேணும். ஒளிச்சு வைச்சுப் பிடிக்கிற வேலை வைத்தியம் இல்லை.

அச்சுவேலை | 27.10.2024, மாலை 6.15

மழை தொடங்கிட்டுது, கழுவுற கதையோடை என்ரை பங்கை முடிக்கிறன். எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை வாறது. கேத்திலிலை படியிற வெள்ளை கருவியிலும் படியும், கருவி சொரசொரத்து மணக்கத் தொடங்கும். வெள்ளை வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, பதினைஞ்சு நிமிசம், பிறகு மெல்லிய பிரசாலை தேய்ச்சு நல்ல தண்ணியிலை அலசுங்கோ. பற்பசை வேண்டாம், கீறும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், நெளியும். கண்ணாடி மூடின வாகனத்துக்குள்ளை டாஷ்போட்டிலை வைச்சாலும் அதே கதிதான்.

கொடுப்புப்பல் | 27.10.2024, இரவு 8.40

உலோகத் திருகாணி உள்ள கருவியை வினாகிரியிலை பதினைஞ்சு நிமிசத்துக்கு மேலை விடாதேங்கோ, கிழமைக்கு ஒருக்காக் காணும். குளோரீன் வெளுப்பான் தொடவே கூடாது. காய வைச்சு, ஓட்டை உள்ள பெட்டியிலை. மூடி இறுக்கமா இருக்கவேணும், வாய்நீர் மணத்துக்கு நாய் வரும். கருவி உடைஞ்சு வாறதிலை திருகாணி பழுதாகி வாறதை விட நாய் சப்பி வாறது கூட.

நித்திரை மணி | 28.10.2024, காலை 5.50

நாய் சப்பினால் அதைக் கழுவிப் போட்டுக்கொண்டு படுக்க நினைக்கிற ஆளுக்கு: விளிம்பு கூராயிருக்கும், பல்லுப் பதியிற இடமும் மாறியிருக்கும், போடாதேங்கோ. புதுசு வரும்வரைக்கும் சரிஞ்சு படுங்கோ, முதுகுப்பக்கம் தலைகாணி கொடுத்து. புதுக் கருவி வந்ததும் பழைய திருகாணிக் கணக்கை அப்பிடியே வைக்க ஏலாது, 50 சதவீதத்திலை இருந்து தொடங்கி எண்ணுங்கோ. கைபேசியும் இடையிலை மாத்தியிருந்தால் சலிப்புச் சோதனையின்ரை பழைய எண்களோடை ஒப்பிடாதேங்கோ. ஒவ்வொரு தொடுதிரையும் ஒவ்வொரு அளவு பிந்தும், அந்தப் பிந்தல் உங்கடை மூளையின்ரை பேரிலை எழுதுப்படும்.